மாங்கோவுக்கு உங்கள் மகனைத் தெரியுமா?

லண்டனின் புறநகர் ஒன்றில் வசிக்கும் தமிழ் வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் வந்திருக்கிறது. குடும்பம் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய 12 வயது மகன் ஒரு லெபர்ட் கெக்கோ வளர்க்கிறான். மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் உள்ள, ஒரு சாண் நீளப் பல்லி. வீடு மாறிப்போன குடும்பம் ஒன்று கண்ணாடித் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனது. அதற்கு மாங்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மகன் தொட்டியருகே போனால் மாங்கோ கண்ணாடிவரை ஓடிவரும், அவன் கையை நக்கும், கையில் எடுத்தால் அசையாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். சில வாரங்களாக அவனைப் பார்த்து வாலையும் மெல்ல ஆட்டத் தொடங்கியது. "நாயைப் போல என்னை நேசிக்கிறது" என்று அவன் நம்பினான். தகப்பனாரோ, "பல்லிக்கு மூளையே கிடையாது, எல்லாம் இயல்பூக்கம்" என்கிறார். மின் கட்டணத்தை நினைத்து, குளிர்காலம் தொடங்கியதிலிருந்து தொட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட் என்ற மின்விரிப்பைப் பகல் முழுவதும் நிறுத்திவைக்கிறார். யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவரில் இருந்த பல்லிகளுக்கு யார் சூடு வைத்தார்கள் என்பது அவர் கேள்வி.

மூன்று வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்த உறவுக்காரச் சிறுவன் மாங்கோவை மேலிருந்து பிடித்துத் தூக்கியபோது வால் கழன்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அது ஒளிவிடத்தைவிட்டு வெளியே வருவதில்லை, இரையும் சரியாக எடுப்பதில்லை. "என்னை மறந்துவிட்டது" என்று மகன் அழுகிறான். துணைக்கு இன்னொன்று வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கோடையில் காட்டில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். அப்பம்மா, பல்லி எந்தப் பக்கம் சொல்லுகிறது என்று காது கொடுத்துக் கேட்டபடி இருக்கிறார். "இதற்கு உண்மையிலேயே அறிவு இருக்கிறதா? நான் யார் பக்கம் நிற்பது?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது அறிவைப் பற்றி. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். அதற்கு முன் எழுந்துபோய் ஹீட் மேட்டைப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். நீங்கள் எழுதிய அத்தனை விவரங்களிலும் என்னை உடனே கவலைப்பட வைத்தது அந்த ஒன்றுதான்.

முதலில் சூடு

பல்லியின் உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் பெறும் வெப்பத்தைக் கொண்டுதான் அதன் செரிமானம் நடக்கிறது, காயம் ஆறுகிறது, நோய் எதிர்ப்பு வேலை செய்கிறது, நரம்புகளும் தசைகளும் இயங்குகின்றன. 18 டிகிரி அறையில் கிடக்கும் லெபர்ட் கெக்கோவுக்கு விழுங்கிய இரை எளிதில் செரிக்காது. இரை எதிரே ஓடினாலும் துரத்துவதற்கு உடல் ஒத்துழைக்காது. அப்படிக் கிடப்பதைத்தான் உங்கள் மகன் மறதி என்றும் கணவர் மந்தம் என்றும் எண்ணுகிறார்கள். இதில் பெரும்பங்கு குளிருடையது என்பது என் கணிப்பு.

உங்கள் கணவரின் யாழ்ப்பாணக் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் நள்ளிரவிலும் லண்டன் வரவேற்பறையின் பகலைவிடச் சூடு அதிகம். வெயில் குடித்த சுவரும் ஓட்டுக்கூரையும் இரவிலும் வெப்பம் தரும். அந்த வீட்டில் சுவர், விட்டம், கதவிடுக்கு என்று பல்லி தனக்கு ஏற்ற இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். மாங்கோவின் இனம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட பாறை நிலத்தைச் சேர்ந்தது. அங்கே கடுங்குளிரும் உண்டு. ஆனால் அங்குள்ள பல்லி ஆழமான பொந்துக்குள் அடங்கி, வாலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டு காலம் தள்ளும். மாங்கோவுக்கு ஆழப் பொந்தும் இல்லை, இப்போது வாலும் இல்லை.

நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஹீட் மேட் 12 வாட். 24 மணி நேரமும் எரிந்தாலும் ஒரு நாளைக்கு 0.3 யூனிட்டைத் தொடாது. பத்து பென்ஸுக்கும் குறைவான செலவு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இணைத்தால் இன்னும் குறையும். பாதுகாப்புக்காகவும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒளிவிடம் வேண்டும். எங்கே இருப்பது என்பதை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். அமெரிக்காவில் லெபர்ட் கெக்கோக்களுக்குப் பலவகை வசதிகளைச் செய்துகொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். புதுப் பொருள்கள், வாசனைகள், காட்சிகள் எல்லாவற்றையும்விட அவை அதிகம் நாடியது வெவ்வேறு சூடுள்ள இடங்களையும் தேடிப் பிடித்து உண்ணும் இரையையும்தான்.

"மூளை இல்லை" என்பது எங்கிருந்து வந்தது

உங்கள் கணவர் சொல்வது அவருடைய சொந்தக் கருத்து மட்டும் அல்ல. அறிவியலே வெகுகாலம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. மனித மூளையின் அடியில் வெறும் இயல்பூக்கங்களால் ஆன "ஊர்வன மூளை" இருக்கிறது, அதன்மேல் உணர்ச்சியும் பகுத்தறிவும் அடுக்கடுக்காக வந்தன என்று 1960களில் பால் மக்லீன் என்ற அமெரிக்க நரம்பியலாளர் முன்வைத்த கருத்து இன்றும் மேடைப் பேச்சுகளில் உலவுகிறது. நரம்பியல் அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. நமக்கு இருப்பதுபோன்ற, மூளையை மேலே போர்த்திய ஆறடுக்குப் புறணி பல்லிக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் இடங்களை நினைவில் வைத்துக்கொள்ள நமக்கு உதவும் மூளைப் பகுதிக்கு இணையான ஒன்று அதற்கும் உண்டு. ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஆமை, தாடி ஓணான் ஆகியவற்றின் மூளைச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுகள் அதை உறுதிப்படுத்தின.

பழைய சோதனைகளில் ஊர்வன தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிக்காக வடிவமைத்த சோதனையில், எலிக்கு ஏற்ற குளிர்ந்த அறையில், பல்லியை வைத்துப் பார்த்தார்கள். சோதனையில் வென்றதற்குப் பரிசாக இரை கொடுப்பார்கள். நாய்க்கு ஒரு வேளையில் முப்பது துண்டு தின்பண்டம் கொடுத்து முப்பது முறை பழக்கலாம். நான்கு பூச்சி தின்றால் வயிறு நிறைந்து, அடுத்த இரண்டு நாள் பசியே எடுக்காத பிராணிக்கு அந்த முறை எப்படிப் பொருந்தும்? கற்கும் வாய்ப்பே கொடுக்காமல் கற்கத் தெரியாது என்று எழுதிவைத்தோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. இந்தத் தீர்ப்பின் பெயரால்தான் எத்தனையோ ஆமைகளும் பல்லிகளும் வெறும் பெட்டிகளில் ஆயுளைக் கழித்தன.

சூடும் பொறுமையும் கொடுத்துச் சோதித்தபோது நிலைமை மாறியது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா வில்கின்சன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறார். மோசஸ் என்று பெயரிடப்பட்ட செங்கால் ஆமை ஒன்றை, எட்டுக் கிளைகள் உள்ள புதிர்ப்பாதையில் விட்டார்கள். ஏற்கெனவே உண்டு முடித்த கிளைக்குத் திரும்பிப் போகாமல் புதிய கிளைகளைத் தேடிப் போக அது கற்றுக்கொண்டது. அடுத்து, உங்கள் கணவருக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான் ஒன்றுக்குக் கம்பிக் கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கப் பழக்கினார்கள். அது திறப்பதை மற்ற ஓணான்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவை எல்லாம் கதவைத் திறந்தன. பார்க்காதவற்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒன்று செய்வதைக் கண்டு இன்னொன்று செய்வது இயல்பூக்கம் என்ற சொல்லுக்குள் அடங்குமா?

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் பச்சை அனோல் பல்லிகளை மானுவேல் லியால் என்பவர் ஆராய்ந்தார். மூடியிட்ட குழிக்குள் புழுவை வைத்தார். காட்டில் அந்தப் பல்லி மேலிருந்து பாய்ந்து இரை பிடிக்கும். மூடியைத் திறக்கும் தேவை அதற்கு வந்ததே இல்லை. ஆனாலும் சில பல்லிகள் மூடியைக் கடித்து இழுத்தும், மூக்கால் நெம்பியும் திறந்தன. பிறகு புழு இருக்கும் மூடியின் நிறத்தை மாற்றிவைத்தபோது, பழைய பாடத்தை விட்டுவிட்டுப் புதியதைக் கற்றவையும் உண்டு. வியன்னா விலங்குக்காட்சி சாலையின் பெரிய ஆமைகள், நிறமுள்ள பந்தைத் தொட்டால் உணவு கிடைக்கும் என்று கற்றதை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவில் வைத்திருந்தன. மூன்று வாரத்தில் மறந்துவிட்டது என்று அழும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். ஆமை வேறு, மாங்கோ வேறுதான். ஆனால் ஊர்வன என்றாலே மறதி என்ற எண்ணமாவது அவனை விட்டுப் போகட்டும்.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு செய்தி உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையில், நாரைகள் கூடு கட்டும் மரங்களின் கீழே மூக்கின்மேல் குச்சிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடந்த சதுப்பு நில முதலைகளைக் கண்டு, கூடு கட்டக் குச்சி தேடும் பறவைகளுக்கு அவை பொறி வைக்கின்றன என்று 2013இல் எழுதினார்கள். பின்னர் அலிகேட்டர் எனப்படும் அமெரிக்க முதலை இனத்தைக் கொண்டு செய்த சோதனை அதை உறுதிசெய்யவில்லை. ஆகவே அந்தக் கதையை நான் சான்றாக வைக்க மாட்டேன். மற்றவையே போதும்.

வால் சொன்னது என்ன

இப்போது உங்கள் மகனிடம் வருகிறேன். அவன் அன்பில் குறை இல்லை. மாங்கோவைப் படித்த விதத்தில்தான் பிழை. அதைத் திருத்துவதுதான் அவனுக்குச் செய்யும் உதவி.

லெபர்ட் கெக்கோ வாலைத் தூக்கி, பக்கவாட்டில் மெல்ல அலைபோல ஆட்டினால் பெரும்பாலும் அது எச்சரிக்கை. "அருகே வராதே" என்பதோடு, "கடிப்பதானால் தலையை விட்டு இங்கே கடி" என்று எதிரியின் கண்ணை வாலுக்கு இழுக்கும் உத்தியும் அதில் இருக்கிறது. இரையைப் பதுங்கிப் பிடிக்கும் வேளையிலும் வால் அசையும். அப்போது கண் பூச்சியின் மேல் இருக்கும். அசைவும் வேகமான நடுக்கமாக மாறும். இரை எதுவும் இல்லாதபோது, உங்கள் மகனின் கையைப் பார்த்து மெல்ல ஆட்டியது மகிழ்ச்சியால் அல்ல. அந்தச் சில வாரங்களாகவே அது அச்சத்தில் இருந்திருக்கிறது. சூடு குறைந்து, தப்பி ஓட உடலில் வேகம் இல்லாத நிலையில், கை உள்ளே வரும்போதெல்லாம் எச்சரித்திருக்கிறது. நாயின் வாலைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது நேர்மாறாகத் தெரிந்துவிட்டது.

கையில் அசையாமல் கண்ணை மூடிக் கிடந்ததும் அப்படித்தான். கனடாவில் மிஷேல் கபனாக் என்ற உடலியல் ஆய்வாளர், பல்லிகளையும் ஆமைகளையும் மென்மையாகக் கையில் எடுத்தபோதே அவற்றின் இதயத்துடிப்பு உயர்வதை அளந்து காட்டினார். வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. பயந்த பல்லி உறைந்து போவது இயல்பு. நிம்மதியான பல்லி கண்ணைத் திறந்து, நாக்கை நீட்டிச் சுற்றிலும் ருசி பார்த்து, மெல்ல நடக்கும். போக விரும்பினால் போகும்.

வால் கழன்றதற்கு உறவுக்காரப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். வாலின் எலும்புகளில் முறிவதற்கென்றே இடங்கள் உண்டு. ஆபத்தில் தசைகள் சுருங்கி அங்கே பிரிந்துவிடும். தன் கொழுப்புக் கிடங்கையே விட்டுக்கொடுத்து மாங்கோ உயிரைக் காத்துக்கொண்டது. அன்று அந்தக் கை அதற்குக் கழுகின் நகத்திலிருந்து வேறுபட்டதாகத் தெரிந்திருக்காது. வால் திரும்ப வளரும். எலும்புக்குப் பதில் குருத்தெலும்போடு, கொஞ்சம் குட்டையாக, பருத்து, வேறு தோற்றத்தில் வளரும். அந்த வளர்ச்சிக்கு இரையும் சூடும் வேண்டும்.

அப்பம்மாவிடம் அன்போடு சொல்லுங்கள்: லெபர்ட் கெக்கோ நம் வீட்டுப் பல்லியைப் போல அடிக்கடி சொல்வதில்லை. அது கீச்சிட்டால் பயந்திருக்கிறது என்று கொள்ளலாம். அவர் காது கொடுத்துக் கேட்பதே நல்லது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, அதற்கு அவனைத் தெரியுமா?

தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவன் நினைக்கும் விதத்தில் அல்ல.

ஊர்வன உலகின் பெரும்பகுதி மணத்தால் ஆனது. அது கையை நக்குவதை முத்தம் என்று நாம் நினைக்கிறோம். நாக்கில் ஒட்டிய வேதிப்பொருள்களை மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்த்து அது உங்களைப் படிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் டோக்கே கெக்கோக்களைக் கொண்டு செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. தன் தோலின் மணத்தையும் வேறொரு கெக்கோவின் மணத்தையும் அவை பிரித்தறிந்தன. அயல் மணத்துக்கு அதிகம் நாக்கை நீட்டின. இவ்வளவு நுணுக்கமாக மணம் பிரிக்கும் இனத்தின் உறவுப் பிராணிக்கு, நாள்தோறும் வரும் கையையும் புதிய கையையும் வேறுபடுத்துவது எட்டாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கண்ணாடிக்கு ஓடிவந்தது அவனுக்காகவா, இரைக்காகவா? ஆறு மணி, காலடி அதிர்வு, இடுக்கி, அதன் நுனியில் துடிக்கும் வெட்டுக்கிளி. இவை சேர்ந்து வரும் என்று மாங்கோ கற்றிருக்கிறது. மாங்கோ தேறியபின் உங்கள் வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். அதே நேரத்தில், அதே இடுக்கியோடு, ஒரு நாள் உங்கள் கணவர் போகட்டும். அப்போதும் ஓடிவந்தால் அது அடையாளம் கண்டது இடுக்கியை. வராமல் பின்வாங்கினால் ஆளையும் கணக்கில் எடுக்கிறது. இதைத் தண்டனையாக அல்லாமல் ஆய்வாகச் செய்தால் 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடையாது; கணவரும் கையில் இடுக்கியோடு அந்தத் தொட்டியின் முன் பத்து நிமிடம் நிற்பார்.

நேசம் என்ற சொல்லை நான் பயன்படுத்தத் தயங்குகிறேன். ஆஸ்திரேலியாவில் தூங்குமூஞ்சிப் பல்லி என்றழைக்கப்படும் அரணை இனம் ஒன்று, ஆண்டுதோறும் அதே துணையைத் தேடிச் சேர்கிறது. சில இணைகள் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் பிரியவில்லை என்று மைக்கேல் புல் என்ற ஆய்வாளர் பதிவுசெய்திருக்கிறார். ஊர்வனவற்றில் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. மாங்கோவின் இனம் அப்படிப்பட்டதல்ல, தனித்து வாழ்வது. அது தரக்கூடியது வேறொன்று: பயமில்லாத அருகாமை. எல்லாப் பெரிய உருவங்களும் எதிரிகளாகத் தெரியும் ஒரு சிறு உயிர், ஓர் உருவத்தை மட்டும் விலக்காகக் கற்றுக்கொள்வது சாதாரணமானதா? கற்கும் பிராணி என்று ஒப்புக்கொண்டால் அடுத்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லதைக் கற்ற அதே மூளை, மேலிருந்து வந்த கையையும் கற்றுவைத்திருக்கிறது. இப்போது அது ஒளிந்திருப்பது மறதியால் அல்ல, நினைவால்.

பழைய நம்பிக்கையை மீட்பது

காயம் ஆறி, ஒழுங்காக இரை எடுக்கும்வரை யாரும் கையில் எடுக்க வேண்டாம். பிறகு மாலை மங்கலில், தொட்டி நன்றாகச் சூடேறிய வேளையில் தொடங்குங்கள். பெரிய விளக்கைப் போட வேண்டாம். இரவில் நடமாடும் கெக்கோக்களின் கண் மங்கிய ஒளியை நம்முடையதைவிடப் பல மடங்கு நன்றாக உணரும். ஹெல்மெட் கெக்கோ என்ற இனம் நிலவொளியில்கூட நிறங்களைப் பிரித்தறிகிறது என்று சுவீடனில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் வெளிச்சம் அது.

மெல்லிய குச்சியின் நுனியில் ஒரு வண்ண மணியை ஒட்டி, தொட்டிக்குள் பக்கவாட்டிலிருந்து நீட்டச் சொல்லுங்கள். மேலிருந்து எதுவும் வரவே கூடாது. மாங்கோ மணியை நோக்கித் தலையைத் திருப்பினாலே இடுக்கியில் ஒரு பூச்சி. சில நாள் கழித்து ஓர் அடி எடுத்துவைத்தால் ஒரு பூச்சி. பிறகு மணியை மூக்கால் தொட்டால் மட்டும். மூன்று, நான்கு பூச்சியோடு அன்றைய பாடம் முடிந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் இரை என்பதால் வாரங்கள் ஆகும். அவன் அவசரப்படுவான், நாட்குறிப்பு ஒன்று எழுதச் சொல்லுங்கள். மணியைத் தொடப் பழகியபின், குச்சியை அவன் விரித்து வைத்த உள்ளங்கைக்கு அப்பால் நீட்டலாம். ஏறுவதும் ஏறாததும் மாங்கோவின் விருப்பம். வால் உயர்ந்து அசைந்தால் உடனே நிறுத்த வேண்டும். அந்த எச்சரிக்கைக்கு மரியாதை கிடைக்கிறது என்பதையும் அது கற்கும். என் அனுபவத்தில், பயந்த பிராணியை மாற்றுவது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

இன்னொன்று வாங்கலாமா, கொடுத்துவிடலாமா

வாங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இரண்டு ஆண்கள் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் பெண் ஓய்வில்லாமல் முட்டையிட்டு நலியும். இரண்டு பெண்கள் ஒரே ஒளிவிடத்தில் ஒட்டிக் கிடப்பதைக் கடையில் காட்டி "பாருங்கள், எவ்வளவு பாசம்" என்பார்கள். ஒரே சூடான இடத்துக்கு இரண்டும் போட்டியிடுவதாக இருக்கலாம் அது. தனிமை என்பது நம் துயரம். மாங்கோவின் இனத்துக்கு அது இயல்பான வாழ்க்கை.

காட்டில் விடுவது கூடவே கூடாது. இங்கிலாந்தில் இந்நாட்டுக்கு உரியதல்லாத விலங்கை வெளியே விடுவது 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். இலையுதிர் காலத்துக்குள் அது குளிரில் செத்தும் போகும். 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நாய், பூனைக்கு உள்ள அதே பாதுகாப்பைப் பல்லிக்கும் தருகிறது: தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, தேவைக்கேற்பத் துணையோ தனிமையோ, நோயிலிருந்து காப்பு. மகனுக்கு 16 வயது ஆகாததால் அந்தப் பொறுப்பு சட்டத்தின் கண்ணில் பெற்றோராகிய உங்கள் இருவருடையது. சூட்டை நிறுத்துவது அந்தக் கடமையைத் தவறுவதாகக் கொள்ளப்படலாம். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இந்த நாட்டில் நம்மவர் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

நல்ல வீடு ஒன்றுக்குக் கொடுப்பதில் தவறில்லை. உங்கள் மகனை நினைத்து அது ஏங்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புதிய இடத்தின் சூடு, மணம், ஒளிவிடம் எல்லாவற்றையும் அது முதலிலிருந்து கற்க வேண்டும். அந்த நாட்களில் பல பல்லிகள் இரையைத் தொடாது. வாலில்லாமல், மெலிந்து, பயந்திருக்கும் இந்த நேரத்தில் இடமாற்றம் ஆபத்து. தேறியபின் முடிவெடுங்கள். இந்த இனம் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும் என்பதையும் அப்போது கணக்கில் வையுங்கள். மகன் பல்கலைக்கழகம் போகும்போது மாங்கோ உங்கள் வீட்டில்தான் இருக்கும். அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகள் தகுந்த வீட்டைத் தேட உதவும்.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தீர்கள். மூளை இருக்கிறது, கற்கிறது, நினைவில் வைக்கிறது என்பதில் மகன் பக்கம். அது நாய் அல்ல என்பதில் கணவர் பக்கம்.

எப்போது மருத்துவரிடம்

சூடு சரியான பிறகும் ஒரு வாரத்தில் இரை எடுக்காவிட்டால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். எல்லா மருத்துவர்களும் பார்ப்பதில்லை, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வாலின் முனை வீங்கினாலோ, கறுத்தாலோ, நீர் கசிந்தாலோ ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். நடக்கும்போது கால்கள் நடுங்கினாலும், தாடை மென்மையாகத் தெரிந்தாலும் கால்சியம் குறைவு என்று சந்தேகிக்கலாம். தொட்டியில் மணல் பரப்பியிருந்தால் எடுத்துவிட்டு, காயம் ஆறும்வரை சமையலறைக் காகிதத்தை விரியுங்கள். காயம் சுத்தமாக இருக்கும், கழிவையும் கவனிக்க முடியும்.

பல்லிகளின் குடலில் சால்மோனெல்லா கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். தொட்டதும் சோப்பால் கை கழுவுவது எல்லாருக்கும் விதி. வயதான அப்பம்மா இருக்கும் வீடு என்பதால் தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயங்களைக் கொண்டுபோங்கள்: சமையலறைத் தராசில் எடுத்த இன்றைய எடையும் அடுத்த வாரத்து எடையும், தொட்டியின் இரண்டு பக்க வெப்ப அளவுகள், மூடியுள்ள சிறு டப்பாவில் புதிய மலம். லெபர்ட் கெக்கோ வழக்கமாக ஒரே மூலையில்தான் கழிக்கும் என்பதால் எடுப்பது எளிது. எடை போடும் பொறுப்பை மகனிடம் கொடுங்கள். மாங்கோவைக் கையால் பிடிக்காமல், ஒரு சிறு பெட்டியை அதன் முன் சாய்த்து வைத்து அதுவே உள்ளே நடக்கும்வரை காத்திருந்து, பெட்டியோடு நிறுத்து, பெட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.